மிஸ், ஸ்பிளிட் எப்ப வரும்?

முசிறியில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறவளிடம் ஃபீஸ் எவ்வளவு என்பதற்கு அடுத்தபடியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பது பிள்ளைகள் இல்லை, அம்மாக்கள். கையில் போன், போனில் ஒரு ரீல். அதில் எந்த ஊரோ ஒரு சிறுமி, ஒரு காலைத் தூக்கிக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "இவளும் அதே வயசுதான் மிஸ்."

"முதல்ல அரைமண்டியில ஒரு நிமிஷம் ஆடாம நிக்கட்டும்ங்க, காலை அப்புறம் தூக்கிக்கலாம்" என்பேன். அம்மாக்களுக்கு அது தட்டிக்கழிக்கிற பதிலாகவே படுகிறது. அதனால் இந்தத் தடவை நீட்டி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு நடத்துகிற மற்ற டீச்சர்களும் படித்தால் சந்தோஷம். கொஞ்சம் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

என் கட்சி இதுதான். ஆடுகிற பிள்ளைக்கு முதலில் பலம், அப்புறம்தான் வளைவு. நம் பக்கம் இது தலைகீழாக நடக்கிறது. சேர்ந்த முதல் வாரமே பிள்ளையை உட்காரவைத்து, உள்ளங்கால் இரண்டையும் ஒட்டி, முட்டி தரையில் படுகிறவரை அமுக்குகிறோம். பட்டாம்பூச்சி என்று அதற்கு அழகான பெயர் வேறு. சில வகுப்புகளில் டீச்சரே பிள்ளையின் தொடைமேல் ஏறி நிற்பதும் உண்டு. நான் படித்த காலத்தில் எனக்கும் நடந்தது. எங்கே, யார் என்பதெல்லாம் இப்போது வேண்டாம்.

முட்டியை வெளிப்பக்கமாக மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கிற அரைமண்டிக்கு என்னதான் வேண்டும்? முட்டி மடங்க வேண்டும், கணுக்கால் மடங்க வேண்டும், முதுகு நேராக நிற்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொடை இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் சண்டையே. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. அது எவ்வளவு சுழலும் என்பதில் பாதி, தசையும் நாரும் சம்பந்தப்பட்டது; பழக்கினால் கொஞ்சம் கூடும். மீதிப் பாதி எலும்பின் அமைப்பு. குழந்தை பிறக்கும்போது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி சுமார் 40 டிகிரி முன்பக்கம் திருகியிருக்கும். வளர வளர அது குறைந்து, வாலிப வயதில் 15 டிகிரி அளவுக்கு வந்து நின்றுவிடும். சில பிள்ளைகளுக்கு அவ்வளவு குறையாது. அவர்களுக்குத் தொடை உள்பக்கம் தாராளமாகத் திரும்பும், வெளிப்பக்கம் கஞ்சத்தனம் காட்டும். அது சோம்பேறித்தனமும் இல்லை, சிரத்தைக் குறைவும் இல்லை, எலும்பு. எந்த எண்ணெயும், எந்த டீச்சரின் எடையும் அதை மாற்றாது.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். சாதாரணமாக ஒரு இடுப்பு வெளிப்பக்கம் 45 டிகிரி அளவுக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 90. அரைமண்டியில் இடுப்பும் கொஞ்சம் மடங்குவதால் அங்கே இருக்கிற நார் தளர்ந்து இன்னும் சற்றுக் கிடைக்கும். ஆனால் "பாதம் ரெண்டும் ஒரே கோட்டுல வை" என்று நாம் கேட்பது 180 டிகிரி. பாக்கியை எங்கிருந்து கொண்டுவருவாள் பிள்ளை? பாதத்தை வெளியே திருகிவைத்துவிட்டு முட்டியை முன்னாலேயே விட்டுவிடுகிறாள். முட்டி மூட்டு அடிப்படையில் மடங்கி நிமிர்வதற்குத்தான் இருக்கிறது, முறுக்குவதற்கு இல்லை. உள்பக்க முட்டிவலி, முட்டிச்சில்லுக்குப் பின்னால் வலி, பாதத்தின் உள்வளைவு தரையோடு அமுங்கிப்போவது எல்லாம் இங்கே ஆரம்பிக்கிறவை.

புதுப் பிள்ளை வந்தால் நான் செய்கிற பரிசோதனையைச் சொல்கிறேன். கோரைப்பாய்க்கு முசிறியில் பஞ்சமில்லை. ஒன்றை விரித்துப் பிள்ளையைக் குப்புறப் படுக்கச் சொல்வேன். ஒரு முட்டியை மடக்கிப் பாதம் கூரையைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் காலை மறுகால் பக்கமாக மெல்லச் சாயவிடுவேன். இடுப்பு பாயைவிட்டுக் கிளம்பப் பார்க்கும் இடம்தான் அவளுடைய எல்லை. அமுக்கமாட்டேன், அதுவாக எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு. இரண்டு காலுக்கும் வித்தியாசம் இருக்கும், அதையும் நோட்டில் குறித்துக்கொள்வேன். அப்புறம் எழுப்பி, பாதத்தைத் தண்ணீரில் நனைத்துச் சிமெண்டுத் தரையில் அரைமண்டி உட்காரச் சொல்வேன். எழுந்ததும் ஈரத்தடத்தைப் பார்த்தால் போதும். பாதத்தின் உள்பக்க வளைவு காயாமல் முழுசாகப் பதிந்திருந்தால், தன் இடுப்பு தருவதைவிட அதிகமாகப் பாதத்தைத் திருப்பியிருக்கிறாள் என்று சந்தேகப்படலாம். பிறவியிலேயே தட்டைப் பாதமும் உண்டு, அதனால் நேராக நிற்கும்போது பதிகிற தடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பாதத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவரச் சொல்லி, முட்டி இரண்டாம் கால்விரலுக்கு நேராக வருகிறதா என்று பார்ப்பேன். அந்த இடம்தான் இப்போதைக்கு அவளுடைய அரைமண்டி. அழகு குறைவாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

இன்னொரு பரிசோதனை கணுக்காலுக்கு. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டும் தொட முடிந்தால் கணுக்கால் நன்றாக இருக்கிறது. இப்போது வருகிற பிள்ளைகளில் பலருக்கு இது வருவதில்லை. அவர்களுடைய ஆயாக்கள் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தார்கள், குந்தி உட்கார்ந்து பூக் கட்டினார்கள். பேத்திக்கு நாற்காலி, சோபா, வெஸ்டர்ன் டாய்லெட். குதிகால் தரையில் பட, குந்தி உட்காரவே தெரியாத பிள்ளையிடம் முழுசாக இறங்கி உட்கார்கிற முழுமண்டி கேட்டால் எங்கே போவாள்? நான் கொடுக்கிற முதல் வீட்டுப்பாடமே, சாயங்காலம் கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்வதுதான்.

அடுத்து ஸ்ட்ரெட்ச் எப்போது செய்வது என்கிற விஷயம். வகுப்புக்கு வந்ததும் உடம்பு சூடேறாமலே காலை நீட்டி உட்கார்ந்து குனிவது நம் வழக்கம். இதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே குதித்தால், அந்தத் தசையின் உந்து சக்தி கொஞ்ச நேரத்துக்குக் குறைகிறது என்று விளையாட்டு மருத்துவ ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. முதல் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்க மட்டும்தான். வேகநடை, குதிகால் நடை, நுனிக்கால் நடை, கையை வட்டமாகச் சுற்றுவது, இடுப்பைச் சுழற்றுவது. அப்புறம் நின்றபடியே தட்டடவு, மெதுவான முதல் காலத்தில். அதையே பாதி மண்டியில் ஒருமுறை, பிறகு முழு அரைமண்டியில். லேசாக வியர்த்தால் போதும்.

"வார்ம்-அப்பெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். நம் அடவு வரிசையே முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று படிப்படியாக உடம்பில் சுமை ஏற்றுகிற ஏற்பாடுதான். நேரமில்லை என்று முதல் காலத்தை முழுங்கிவிட்டு மூன்றாம் காலத்துக்கு ஓடுவது நாம்தான். வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்றே வைத்துக்கொண்டாலும், 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி பரதத்துக்கு வருமுன் அன்னா பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். அதனால் அவருடைய பரதம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

வகுப்பு முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது அசையாமல் பிடிக்கிற ஸ்ட்ரெட்ச். கெண்டைக்கால், தொடையின் பின்பக்கம், தொடையின் முன்பக்கம், உள்தொடை, புட்டம். எவ்வளவு நேரம்? அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் ஒரு தடவைக்கு 10 முதல் 30 விநாடி, ஒவ்வொரு தசைக்கும் மொத்தம் ஒரு நிமிடம், வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாள் என்கிறது. பிள்ளைகளை விநாடி எண்ணச் சொன்னால் "ஒண்ணு ரெண்டு மூணு" என்று ரயில் ஓட்டிவிடுவார்கள். அதனால் நான் தாளம் போட்டுவிடுகிறேன். தட்டுக்கழியில் விநாடிக்கு ஒரு தட்டாக ஆதி தாளம். ஒரு ஆவர்த்தனம் 8 விநாடி, மூன்று ஆவர்த்தனம் 24 விநாடி. லகுவில் மூச்சை உள்ளே இழு, இரண்டு திருதத்தில் மெதுவாக வெளியே விடு. மூச்சு விடும்போது தசை தானாக இன்னும் ஒரு நூல் இறங்கும், அதற்குமேல் தள்ளாதே. மூன்று ஆவர்த்தனம் முடிந்ததும் தளர்த்து, மறுபடி ஒருமுறை, முடிந்தால் இன்னொருமுறை. தாளம் கற்றுக்கொண்ட மாதிரியும் ஆயிற்று. இந்த ஊர் பேரைத் தன் பேரோடு சேர்த்துக்கொண்டு ஊருக்கே பேர் வாங்கித் தந்த பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயர், நிதானமான விளம்பகாலத்துக்கும் நிரவலுக்கும் பிரசித்தம். முசிறிப் பிள்ளைகளுக்கு அவசரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது, விடுங்கள்.

துள்ளித் துள்ளி இழுப்பது கூடாது. அடுத்தவர் முதுகில் சாய்ந்து அமுக்குவது கூடவே கூடாது. இழுவை எங்கே தெரிய வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தசையின் நடுவில் பரவலாக இழுத்தால் சரி. மூட்டுக்குள், முட்டிக்குப் பின்னால், கவட்டியில் சுருக்கென்று குத்தினால் அது ஸ்ட்ரெட்ச் இல்லை, உடனே விட்டுவிட வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட "இழுக்குதா, குத்துதா பாப்பா?" என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்லத் தெரிகிறது. நாம் கேட்பதில்லை.

"உடம்பை இழுத்து வளைக்கிறதும் மரபுதானே, கேரளாவுல கால்ல மிதிச்சே உழியறாங்களே" என்பார்கள். உண்மைதான். கதகளி மாணவர்களுக்கு மழைக்காலத்தில், எண்ணெய் தடவி, ஆசான் காலால் உழிச்சில் செய்வார். அதற்கென்றே பழகிய ஆசான்கள், கூடவே தினசரி மெய்ப்பயிற்சி, பல வருஷப் படிப்பு. வாரம் இரண்டு நாள் மாடியில் ஒரு மணி நேரம் வகுப்பு நடத்துகிற நாம் அதில் மிதிக்கிறதை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி?

இனி பலம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், செலவே கிடையாது என்பதால்.

அரைமண்டியில் தொடையை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்திருப்பது புட்டத்துக்கு அடியில், ஆழத்தில் இருக்கிற ஆறு சின்னத் தசைகள். அவற்றுக்குப் பலமில்லாவிட்டால் வளைவு இருந்தும் பிரயோஜனமில்லை, இரண்டாம் காலம் வரும்போதே முட்டி முன்னால் வந்துவிடும். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேளுங்கள். பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். கழுவி, நீளவாக்கில் கிழித்து, முட்டிக்குச் சற்று மேலே இரண்டு தொடையையும் சேர்த்துக் கட்டி, ஒருக்களித்துப் படுத்து, குதிகால் இரண்டும் ஒட்டியிருக்க மேல்முட்டியை மட்டும் மெல்லத் திறந்து மூட வேண்டும். இடுப்பு பின்னால் உருளக் கூடாது, உருண்டால் ஏமாற்று. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு. ஏழெட்டிலேயே புட்டத்தில் நெருப்பு பிடித்த மாதிரி எரிந்தால் சரியாகச் செய்கிறாள்.

மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குகிற சேதுபந்தாசனம் தெரிந்ததுதான். அதையே ஒரு காலை நீட்டிக்கொண்டு செய்தால் தொடையின் பின்பக்கம் நன்றாக வேலை செய்யும். பிள்ளையாருக்குப் போடுகிற தோப்புக்கரணத்தை மெதுவாக, நாலு எண்ணிக்கையில் இறங்கி இரண்டில் ஏறினால் அதைவிட நல்ல தொடைப் பயிற்சி தேடினாலும் கிடைக்காது. பாதத்துக்கு ஒரு துண்டைத் தரையில் விரித்துக் கால்விரலாலேயே சுருட்டி இழுப்பது. கெண்டைக்காலுக்கு மாடிப்படி. கைப்பிடியை விரல்நுனியில் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். பெரிய பிள்ளை ஒரு காலுக்கு 20, 25 தடவை தடுமாறாமல் செய்தால் குதிக்கிற அடவுகளுக்குத் தயார். அதுவரை குதித்துமெட்டு அடவுக்கு அவசரப்படமாட்டேன். நொண்டி விளையாட்டு தெருவில் இருந்த காலத்தில் இந்தப் பலம் கேட்காமலே வந்துகொண்டிருந்தது. இப்போது வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் பாண்டி ஆடவிடுகிறேன். அம்மாக்கள் சிலருக்கு "இதுக்கா ஃபீஸ்" என்று முகம் போகிறது.

முசிறிக்காரர்களுக்கு இன்னொரு உடற்பயிற்சிக் கூடமும் இருக்கிறது. காலையில் குளித்தலைக் கடம்பர், உச்சிப்பொழுதில் ஐயர்மலைச் சொக்கர், சாயங்காலம் இக்கரையில் திருஈங்கோய்மலை என்று ஒரே நாளில் மூவரையும் கும்பிடுவது இங்கே ஒரு வழக்கம். ஐயர்மலைக்கு மட்டும் 1017 படி. முழுக் கச்சேரியாக மார்கம் ஆடப்போகிற பெரிய பிள்ளைகளை அங்கே ஏற்றி இறக்குவேன். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். உண்மையான வேலை இறங்கும்போது. இறங்குகையில் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அதனால்தான் ஒருநாள் இரண்டுநாள் கழித்துத் தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழ முடியாமல் போகிறது. அரைமண்டியில் மெதுவாக இறங்குவதும், குதித்துத் தரையைச் சத்தமில்லாமல் தொடுவதும் இதே வேலைதான். முட்டிவலி உள்ள பிள்ளையை மட்டும் அடிவாரத்தில் விட்டுவிடுங்கள். அவளுக்கு வேண்டுதல் வேறு நாளில் தீரட்டும்.

ரீல் பெண்ணுக்கு வருவோம். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே மூட்டெல்லாம் தளர்ச்சி. கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும், முழங்கையும் முட்டியும் பின்பக்கம் வளையும், முட்டியை மடக்காமல் குனிந்தால் உள்ளங்கை முழுசும் தரையில் படும். பெய்ட்டன் அளவுகோல் என்று இதற்கு 9 மதிப்பெண் கொண்ட ஒரு சோதனையே உண்டு. இந்தப் பிள்ளைகளைத்தான் நாம் முதல் வரிசையில் நிறுத்திக் கைதட்டுகிறோம். கீல் தளர்ந்த கதவு அகலமாகத்தான் திறக்கும். இவர்களுக்கு ஸ்ட்ரெட்ச் குறைத்து, பலப்பயிற்சியைக் கூட்ட வேண்டும். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வகுப்பு ஒன்றுக்குச் சனிக்கிழமை உதவிக்குப் போகிறபோது பார்க்கிறேன், அங்கேயும் இதே கதை. நன்றாக வளைகிறவளுக்குத்தான் கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் மேல்தளத்தில் 81 கரணச் சிற்பங்கள் இருக்கின்றன, சிதம்பரம் கோபுரத்தில் 108ம் இருக்கின்றன. "அதுல எல்லாம் கால் எவ்வளவு மேல போகுது பாருங்க மிஸ்" என்று போட்டோ காட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கரணம் ஒரு அசைவு. சிற்பி அதில் ஒரு கணத்தைச் செதுக்கியிருக்கிறார். அந்தக் கணத்துக்குப் போவதற்கும் திரும்பி வருவதற்கும் வேண்டிய பலத்தைக் கல்லில் காட்ட முடியாது.

வயதும் முக்கியம். வகுப்புச் சுவரில் பென்சிலால் உயரம் குறித்து வைத்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் 12 வயதையொட்டி வருஷத்துக்கு 8 சென்டிமீட்டர்வரைகூட வளர்வார்கள். எலும்பு முந்திக்கொண்டு வளர, தசை பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு வரும். நேற்றுவரை கால்விரலைத் தொட்டவள் இன்று தொடமாட்டாள், தடுமாறுவாள், அரைமண்டி ஏறிவிடும். "வயசுக்கு வந்ததும் சோம்பேறி ஆயிட்டா" என்று திட்டுகிற காலம் இதுதான். திட்டாதீர்கள். எலும்பின் வளர்ச்சித் தட்டு மென்மையாக இருக்கிற இந்தச் சமயத்தில் பலவந்தமாக இழுத்தாலும், மூன்றாம் காலத்தில் குத்திக் குத்தி அடிக்கவிட்டாலும், தசைநார் எலும்பில் ஒட்டுகிற இடம் வீங்கிக்கொள்ளும். முட்டிச்சில்லுக்குக் கீழே புடைத்துக்கொண்டு தொட்டால் வலிக்கிற கட்டி பார்த்திருப்பீர்களே, அது பெரும்பாலும் இதுதான். குதிப்பதைச் சில வாரம் குறைத்து, அபிநயத்தையும் தாளத்தையும் கூட்டினால் பிள்ளைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

தரை, அரங்கேற்ற அவசரம் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே எழுதலாம், இப்போது சுருக்கமாக. மொசைக், டைல்ஸ், கருங்கல் எல்லாம் தட்டுகிற அடியை அப்படியே காலுக்குத் திருப்பி அனுப்பும். கோரைப்பாய் படுக்கத்தான், ஆட இல்லை, வழுக்கும். என் மாடியில் மரச்சட்டத்தின்மேல் பிளைவுட் அடித்து வைத்திருக்கிறேன், குதிக்கிற அடவெல்லாம் அதன்மேல் மட்டும். அரங்கேற்றத்துக்கு முந்தின மாதம் பயிற்சியைத் திடீரென்று இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆக்குவதுதான் முன்னங்கால் எலும்பில் மெல்லிய விரிசல் விழக் காரணமாகிறது. வர்ணம் மட்டுமே அரை மணி, முக்கால் மணி. அதற்கான தம்மை ஆறு மாதம் முன்பிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். மண்டபம் புக் பண்ணினபிறகு ஏற்ற முடியாது. முன்னங்காலில் ஒரே ஒரு இடத்தை விரலால் அமுக்கினால் சுள்ளென்று வலிக்கிறது, ராத்திரியிலும் வலிக்கிறது என்றால் அது "பழகப் பழகச் சரியாகும்" ரகம் இல்லை. எண்ணெய் தேய்க்கிறவரிடமோ கட்டுப் போடுகிறவரிடமோ போகாமல் எலும்பு டாக்டரிடம் போங்கள், அதுவரை ஆட்டம் கிடையாது.

இங்கே யாராவது ஒருவர் சுதா சந்திரனை இழுப்பார். "காலே போயும் ஆடினாங்க, உனக்கு முட்டி வலியா?" 1981இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்தில் அடிபட்டு வலதுகாலை இழந்தவர் அவர். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு, மறுபடி நிற்கவும் நடக்கவும் அடவு போடவும் முதலிலிருந்து கற்றுக்கொண்டு, 1984இல்தான் மேடை ஏறினார். நடுவில் இருந்த அந்த வருஷங்களின் பொறுமையான பயிற்சியைப் பேசாமல், வலி தாங்கியதை மட்டும் எடுத்துப் பிள்ளையின் வாயை அடைப்பது அவருக்குச் செய்கிற மரியாதை இல்லை.

சாப்பாடு. பள்ளிக்கூடம் விட்டு நேரே வருகிற பிள்ளை மதியத்துக்குப்பின் ஒன்றும் சாப்பிட்டிருக்காது. தொட்டியம், முசிறி வாழைக்குப் பேர்போன பக்கம். வகுப்புக்கு முன் ஒரு வாழைப்பழம், முடிந்ததும் ஒரு கடலைமிட்டாய், தண்ணீர். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பள்ளியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் விழுங்கினாலே மூச்சு வாங்குவது குறையும். ஆடுகிறவள் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிற அம்மாக்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

இவ்வளவும் ஒரு மாடி வகுப்பு டீச்சர் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்? திருச்சியில் 1977இல் தொடங்கிய கலைக் காவிரி இருக்கிறது, அங்கே பரதத்தில் பட்டமே வாங்கலாம். அரசு இசைப்பள்ளி இருக்கிறது. ஆனால் முசிறி, தொட்டியம், தா.பேட்டைப் பிள்ளைகளுக்கு முதல் டீச்சர் எங்களைப் போன்றவர்கள்தான். 18 வயதில் அங்கே போய் நிற்கும்போது முட்டி எப்படி இருக்கும் என்பது எட்டு வயதில் எங்கள் கையில் இருக்கிறது. நடன மருத்துவத்துக்கென்றே 1990இலிருந்து ஒரு பன்னாட்டுச் சங்கம் இயங்குகிறது. அவர்கள் எழுதுவதில் பெரும்பகுதி பாலேயைப் பற்றித்தான். நம் தட்டடவையும் மண்டியடவையும் பற்றி எழுத வேண்டியவர்கள் நம் பக்கத்துப் பிசியோதெரபி மாணவர்களும் டீச்சர்களும்தான். திருச்சியில் பிசியோ படிக்கிற யாராவது இதைப் படித்தால், ஒரு சாயங்காலம் முசிறிக்கு வாருங்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து குணசீலம் வழியாக நாமக்கல் போகிற பஸ்ஸெல்லாம் இங்கே நிற்கும். அளவெடுக்கப் பிள்ளைகள் தயார்.

அம்மாக்களுக்குக் கடைசியாக ஒன்று. பிள்ளையை எங்கே சேர்த்தாலும், சேர்க்கும்முன் ஒருநாள் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். முதல் பத்து நிமிடம் என்ன செய்கிறார்கள், யார் முட்டியையாவது யாராவது அமுக்குகிறார்களா, "வலிக்குது மிஸ்" என்று ஒரு பிள்ளை சொன்னால் டீச்சர் என்ன பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். அப்படிச் சொல்லவே பிள்ளைகள் பயப்படுகிற வகுப்பாக இருந்தால், ஃபீஸ் கட்டியிருந்தாலும் போகட்டும், கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.